நீலக் கயிறும் நண்டும்

துபாயில் மரம் வெட்டினேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் இன்றைக்கும் சிரிப்பார்கள். "பாலைவனத்துல ஏதுய்யா மரம்? மணலை வெட்டுனேன்னு சொல்லு, நம்புறோம்" என்பார்கள். முதல் இரண்டு லீவில் நானும் பொறுமையாக எடுத்துச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது லீவிலிருந்து, "ஆமா, மணலைத்தான் வெட்டினேன், அடுத்த தடவ உனக்கு ரெண்டு துண்டு கொண்டாறேன்" என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு வீடியோ. நான் வேலை பார்த்த கம்பெனியில் எனக்குப் பிறகு சூப்பர்வைசராக வந்த தம்பி அதைப் போன வாரம் அனுப்பியிருந்தார். மரம் அறுக்கும் புது இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது. அதன் கேபினில் ஆளே கிடையாது. ஐம்பது அடி தள்ளி ஒருவர் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறார். ஆனால் அவருக்குப் பின்னால் மற்ற ஆட்கள் எல்லாரும் ஒரு நீலக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நிற்கிறார்கள். "அண்ணே, புதுசா வந்தவங்க எல்லாம், இவ்வளவு பெரிய மெஷின் வந்தப்புறம் எதுக்கு இந்தக் கயிறுன்னு கேக்குறாங்க. எனக்கே சரியாத் தெரியல. நீங்க எழுதி அனுப்புங்க, படிச்சுக் காட்டுறேன்" என்று குரல்செய்தியும் போட்டிருந்தார். சரி, எழுதுகிறேன். படித்துவிட்டாவது கயிற்றை ஒழுங்காகப் பிடிக்கட்டும்.

அந்த மரங்கள் எங்கிருந்து வந்தன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். அமீரகத்தில் தோட்டம் போட்டவர்கள் மணல் காற்றைத் தடுக்க வேலியோரம் சவுக்கும் யூகலிப்டஸும் வரிசை வரிசையாக நட்டு வைத்திருந்தார்கள். நெடுஞ்சாலை ஓரங்களிலும் சொட்டு நீர் விட்டு வளர்த்த மரங்கள் உண்டு. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் அங்கே சாலைகள் கண்மண் தெரியாமல் அகலமாயின. இரண்டு தடம் நான்காகும், நான்கு ஆறாகும். நடுவில் நிற்கிற மரம் போயாக வேண்டும். பேரீச்சை என்றால் அதற்கு ராஜமரியாதை, வேரோடு தோண்டி லாரியில் ஏற்றி வேறு இடத்தில் நட்டுவிடுவார்கள். அதற்குத் தனி ஆட்கள். வன்னி மரத்தை நெருங்கவே கூடாது. அவர்கள் அதை 'காஃப்' என்பார்கள். அதன் கிளையை முறித்தால்கூடக் கேள்வி வரும். நாதியில்லாத மற்ற மரங்கள்தான் எங்கள் பங்கு.

நான் கடலூர்ப் பக்கத்துச் சவுக்குத் தோப்புகளில் பதினேழு வயதிலிருந்து கோடரி பிடித்தவன். தோட்டக்கூலி என்று விசாவில் எழுதி அழைத்துப் போனார்கள். துபாயில் அல் கூஸ் பகுதியில் கம்பெனியின் கிடங்கும் நாங்கள் தங்கும் கேம்ப்பும் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தன. அங்கேதான் செயின் சா என்கிற மோட்டார் ரம்பத்தை முதன்முதலாகக் கையில் கொடுத்தார்கள். பழகிய ஆறு வாரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. இரண்டாம் வாரம் ஒரு பூட்ஸின் முனையை அறுத்தேன், கால் தப்பியது. ஆறாம் வாரம் குல் பாயின் குழுவில் சேர்த்துவிட்டார்கள்.

குல் பாய்தான் எங்கள் ஃபோர்மேன். பெஷாவருக்கும் வடக்கே மலையூர்க்காரர். எங்கள் வட்டாரத்துத் தென்னையைப் போல் இரண்டு மடங்கு உயரமுள்ள மரங்களை மலைச்சரிவில் வெட்டிப் பழகிய மனுஷர். தாடி செம்பட்டை, பேச்சு மெதுவு. ஒன்பது வருஷத்தில் அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். தொப்பி மடிக்கு வந்துவிட்டால் நாங்கள் ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டு நகர்ந்துவிடுவோம்.

ஒரு மரத்தை வெட்டுவதற்கு முன்னால் அவர் செய்கிற சடங்கு ஒன்று உண்டு. மரத்தைச் சுற்றி ஒரு நடை நடப்பார். உள்ளங்கையை அடிமரத்தில் பதித்து அண்ணாந்து பார்ப்பார், கழுத்து வலிக்கும்வரை பார்ப்பார். எந்தப் பக்கம் கிளை கனம், காற்று எங்கிருந்து, உச்சி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது எல்லாம் அப்போதே முடிவாகிவிடும். பிறகு காலடியால் அளந்துகொண்டே போய், மரத்தின் உச்சி வந்து விழவேண்டிய இடத்தில் துண்டை விரித்து உட்காருவார். ஃபிளாஸ்கைத் திறந்து ஒரு டம்ளர் சுலைமானி குடிப்பார். குடித்து முடித்ததும் அந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டுவிட்டு எழுந்து வருவார். "மைனே சாய் பீ லி. அப் இஸ்கோ வஹீ சுலாவ்" என்பார். நான் டீ குடித்தாயிற்று, இனி இதை அங்கேயே படுக்க வை என்று அர்த்தம். அவர் எழுந்த பிறகு மரத்துக்கும் குச்சிக்கும் இடையில் ஒரு காக்கா நடக்கக்கூடாது.

அதன் பிறகு என் வேலை. சாயவேண்டிய பக்கம் அடிமரத்தில் ஆப்பு வடிவில் ஒரு வாய் திறப்பேன். அப்புறம் முதுகுப்பக்கம் வந்து, வாயை நோக்கி அறுத்துக்கொண்டு போவேன். முழுதாக அறுத்துவிடக் கூடாது. நடுவில் இரண்டு மூன்று விரல் கனம் அறுக்காமல் விடவேண்டும். கதவுக்குக் கீல் எப்படியோ அப்படி. மரம் அந்தக் கீலில் திரும்பித்தான் ஒழுங்காகப் படுக்கும். முதுகில் அறுக்கத் தொடங்குவதற்கு முன்னால் இடது கையைத் தூக்கி ஒவ்வொருவர் பேரையும் கூப்பிடுவேன். எல்லாரும் "ஓய்" என்று பதில் கொடுத்தால்தான் செயின் ஓடும். அது குல் பாய் வைத்த சட்டம்.

குழுவில் நாங்கள் நான்கே பேர். குல் பாய், நான், டிராக்டர் ஓட்டும் செல்வராசு, கயிறு கட்டும் அய்யாக்கண்ணு. செல்வராசுவும் அய்யாக்கண்ணுவும் ஜெயங்கொண்டம் பக்கத்தில் அடுத்தடுத்த ஊர். செல்வராசு இளையவன், அய்யாக்கண்ணுவை மாமா என்று கூப்பிடுவான். கிளையின் கவையில் கயிற்றைப் போட்டு, மரம் விழுந்ததும் டிராக்டரில் கம்பியைச் சுருட்டி இழுக்கும் விஞ்சின் கம்பியில் மாட்டி இழுத்துப்போகச் செய்வதெல்லாம் அய்யாக்கண்ணு. கயிற்றில் பேசுவதற்கு எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு முறை வெட்டி இழுத்தால் 'சரி'. மூன்று முறை இழுத்தால் 'விட்டுவிட்டு ஓடு'. கயிறு நீல நிற நைலான்.

அய்யாக்கண்ணு அதிகம் பேசமாட்டான். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவும் மாட்டான். சரியான மண்டைக்கனம் பிடித்தவன் என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு ரொம்பப் பிந்தித் தெரிந்த விஷயத்தை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அவனுக்குக் காது கேட்காது. எங்களிடம் வருமுன் சவுதியில் தம்மாமில் நாலு வருஷம் ரோடு உடைக்கும் பிரேக்கர் பிடித்தவன். காதுக்கு அடைப்பான் எல்லாம் அங்கே யார் கொடுத்தார்கள். முகத்துக்கு நேரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வான். மற்றபடி செயின் சா ஓடுவதும் ஓடாததும் அவனுக்கு ஒன்றுதான். கம்பெனிக்குத் தெரிந்தால் விசாவை கேன்சல் செய்து மறுவாரமே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஊரில் மகள் நர்ஸிங் முதல் வருஷம் சேர்ந்திருந்தாள். அவள் படிப்பு முடிகிறவரை எப்படியாவது தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அவன் கணக்கு. இது செல்வராசு ஒருவனுக்குத் தெரியும்.

தெரிந்தவன் என்ன செய்தான்? நான் "அய்யாக்கண்ணு" என்று கூப்பிடும்போதெல்லாம் குரலைக் கொஞ்சம் கரகரப்பாக்கிக்கொண்டு அவனே "ஓய்" என்று பதில் கொடுத்தான். எட்டு மாதம் கொடுத்திருக்கிறான். இதை அவன் பெரிய குற்றமாக நினைக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். காலையில் கேம்ப் பஸ்ஸில் டைம்கீப்பர் பேர் வாசிப்பார். எவனாவது பாத்ரூமில் இருப்பான், எவனாவது ரொட்டி வாங்க ஓடியிருப்பான். பக்கத்துக் கட்டில்காரன் அவனுக்கும் சேர்த்துக் குரல் கொடுப்பான். கேம்ப்பில் அப்படிக் குரல் கொடுக்காதவன்தான் மனுஷனில்லை. பஸ்ஸில் செய்ததையே மரத்தடியிலும் செய்தான், பாவம்.

அல் ஐன் பக்கம் ஒரு தோட்டத்தில் அந்த நாள் வந்தது. ஒற்றை யூகலிப்டஸ், இரண்டு ஆள் கட்டிப்பிடிக்கும் பருமன். சாலையோர மின்கம்பியைப் பார்த்துச் சாய்ந்து நின்றது. அதை எதிர்ப்பக்கம், தோட்டத்துக்குள், இழுத்துச் சாய்க்க வேண்டும். நீலக் கயிற்றை உயரமான ஒரு கவையில் போட்டு, ஒரு முனையை அடிமரத்திலேயே கட்டினோம். மறுமுனை தோட்டத்துக்குள் இறங்கி, குல் பாயின் குச்சிக்கு இரண்டு தப்படி அப்பால் ஒரு பழைய அடிக்கட்டையில் சங்கிலி போட்டு மாட்டிய கப்பிக்குப் போய், அங்கே விஞ்ச் கம்பியின் கொக்கியில் சேர்ந்தது. கம்பி கப்பியில் திரும்பி, பம்ப் ரூமுக்குப் பின்னால் நின்ற டிராக்டருக்குப் போனது. டிராக்டரிலிருந்து பார்த்தால் கப்பி தெரியாது. எனக்கும் தெரியாது, நடுவில் ஒரு மணல்மேடு.

குல் பாய் டீ குடித்து எழுந்து வந்தார். வாய் திறந்தேன். இடது கையைத் தூக்கினேன்.

"செல்வராசு!"

"ஓய்!"

"அய்யாக்கண்ணு!"

"ஓய்!"

முதுகில் அறுக்கத் தொடங்கினேன். பாதிக்கு மேல் போயாயிற்று. மரம் பின்னால் உட்கார்ந்துவிடாமல் பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றை அடித்திருந்தேன். அப்போது நிமிர்ந்து பார்க்கிறேன், விறைத்து நிற்க வேண்டிய கயிறு நடுவில் தொய்ந்து கிடக்கிறது. காற்றில் ஆடினால் கயிறு மொத்தமாக ஆடும். இது அப்படி இல்லை. கீழ்முனையில் யாரோ கை வைத்துத் திருகுகிறார்கள். செயினை நிறுத்தினேன்.

"குல் பாய், கோயி ஹை உதர்" என்றேன். அங்கே ஆள் இருக்கு.

செல்வராசு பம்ப் ரூம் பின்னாலிருந்து தலையை நீட்டினான். தனக்குப் பின்னால் டிராக்டர் நிழலில் மாமா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தவன், திரும்பிப் பார்த்தான். ஆள் இல்லை. "மாமா!" என்று அவன் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. நானும் கத்தினேன். நாங்கள் கத்துகிற கத்தலுக்குப் பக்கத்துத் தோட்டத்து ஒட்டகங்கள் எழுந்து நின்றன. மணல்மேட்டுக்குப் பின்னால் மட்டும் ஒரு அசைவும் இல்லை.

"அவருக்குக் காது கேக்காதுண்ணே! எட்டு மாசமா நான்தாண்ணே குரல் குடுத்தேன்!" என்று செல்வராசு தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

அவனை ஓடிப்போய்க் கூட்டிவரவும் முடியாது. பாதிக்கு மேல் அறுத்த மரம், கயிறு தொய்ந்து நிற்கிறது, காற்று ஏறிக்கொண்டிருக்கிறது. எந்தப் பக்கமும் போகலாம். குல் பாய் கத்தவில்லை. அடிமரத்துக்கு வந்து, கவையிலிருந்து இறங்கிய கயிற்றை இரண்டு கையாலும் பிடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வெட்டி இழுத்தார். நிறுத்தினார். மறுபடியும் மூன்று.

நான் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம்கூட இருக்காது. எனக்கு ஒரு பகல் மாதிரி இருந்தது. பிறகு கயிறு இரண்டு முறை துள்ளியது. அடுத்த நொடி விறைத்துக்கொண்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பம்ப் ரூம் ஓரமாக அய்யாக்கண்ணு வந்தான். முழங்கை வரை மணல். எங்கள் மூஞ்சிகளைப் பார்த்ததும்தான் அவனுக்கு விஷயம் புரிந்தது.

"கொக்கி வாய் மேல பாத்து இருந்துச்சுண்ணே. இழுக்கறப்ப கழண்டுக்கும். அதான் திருப்பி மாட்டிட்டு வந்தேன்" என்றான். மூன்று முறை இழுத்தால் ஓடு என்று அர்த்தம். இவன் கொக்கியைத் திருப்பி மாட்டி, 'சரி' என்று பதிலும் கொடுத்துவிட்டு ஓடிவந்திருக்கிறான். அவன் மாட்டாமல் வந்திருந்தால் அந்த மரம் மின்கம்பி மேல்தான் படுத்திருக்கும், கீழே நானும் குல் பாயும் நின்றிருந்தோம். திட்டுவதா கட்டிப்பிடிப்பதா என்று தெரியாமல் திட்டினேன். அவனுக்குக் கேட்கவில்லை, அது வேறு.

மீதியை அறுத்தேன். மரம் குச்சிமேலேயே படுத்தது. அய்யாக்கண்ணு குனிந்திருந்த இடத்தை என் இடுப்பளவு கிளைகள் மூடியிருந்தன.

குல் பாயின் தொப்பி மடிக்கு வந்துவிட்டது. வேலை போயிற்று என்று அய்யாக்கண்ணு முடிவு செய்துகொண்டு தரையைப் பார்த்து நின்றான். குல் பாய் ஃபிளாஸ்கைத் திறந்து முதல் டம்ளரை அவனிடம் நீட்டினார். அவன் வாங்காமல் நின்றான். முகத்தைத் தன் பக்கம் திருப்பி, வாயை அகலமாகத் திறந்து, நிறுத்தி நிறுத்தி, "பீ, பாய்" என்றார். குடித்தான். கண்ணீர் டம்ளருக்குள்ளேயே விழுந்தது.

பிறகு எங்களிடம் சொன்னார். இனிமேல் பேர் கூப்பிடுவது கிடையாது. மரத்துக்குப் பின்னால், பத்திரமான பக்கத்தில், நீலக் கயிறு ஒன்றைத் தரையில் போடு. முதுகில் அறுக்குமுன் எல்லாரும் வந்து அதைப் பிடித்து நிற்க வேண்டும். அறுப்பவன் இடது கையைத் தூக்கினால் ஒவ்வொருவரும் இரண்டு முறை இழுக்க வேண்டும். கயிற்றில் கை இருந்தால் ஆள் அங்கே இருக்கிறான். இல்லாத ஆளுக்காக யாரும் கயிறு பிடித்துக்கொண்டு நிற்க முடியாது, பக்கத்தில் இருப்பவன் பார்த்துவிடுவான். கேம்ப் பஸ் வேறு, இது வேறு. "கலாஸ்" என்று முடித்துக்கொண்டார். அலுவலகத்துக்கு ஒரு வார்த்தை போகவில்லை.

அவர் செய்தது சரியா என்று பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். காது கேட்காதவனை வெட்டு வேலையில் வைத்திருப்பது தப்பு என்று இன்றைக்கு எந்த சேஃப்டி ஆபீசரும் சொல்வார். சொல்லட்டும். அவனை அனுப்புவதற்குப் பதிலாக, அவனுக்கும் ஒத்துவருகிற மாதிரி வேலை முறையையே மாற்றியவரை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த குளிர்காலத்தில் நண்டு வந்தது. எக்ஸ்கவேட்டர் வண்டிதான், மண் அள்ளும் வாளி இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு இரும்புக் கொடுக்கும் நடுவில் ஒரு ரம்பமும். மரத்தைப் பிடிக்கும், அறுக்கும், பிடி விடாமல் தூக்கிக் கொண்டுபோய் அடுக்கிவிடும். நண்டு என்று பேர் வைத்தது செல்வராசு. கேம்ப் முழுக்க அதே பேர் ஆகிவிட்டது.

நான் முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு வயிறு எரிந்தேன் என்று எழுதினால் பொய். அசந்துபோனேன். நாங்கள் ஒரு சவுக்கைச் சாய்க்கிற நேரத்தில் அது ஏழு சவுக்கை அடுக்கியது. அதற்குள் ஏழெட்டு வருஷம் செயின் சா பிடித்ததில் எனக்கு விரல் நுனிகள் மரத்துப் போயிருந்தன, சட்டைப் பொத்தான் போட அரைமணி ஆகும். கேபினுக்குள் ஏ.சி. போட்டு உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் பல்விந்தரைப் பார்த்து, கொடுத்துவைத்த மகராசன் என்றுதான் நினைத்தேன்.

பயம் வேறு இடத்திலிருந்து வந்தது. எங்கள் இஞ்சினியர் வர்கீஸ் சார், திருச்சூர்க்காரர், தமிழைத் தன் ஊர்ப் பாணியில் பேசுவார். நல்ல மனுஷர்தான், ஆனால் மேலிடம் சொன்னதைச் செய்தாக வேண்டியவர். "நாலு பேருல ரெண்டு பேர் மதி. வியாழக்கிழமை லிஸ்ட் கொடுக்கணும்" என்றார். மதி என்றால் அவர் பாஷையில் போதும். மெஷின் பிடித்துத் தூக்குகிற இடத்தில் கயிறு கட்ட ஆள் எதற்கு? முதல் பேர் அய்யாக்கண்ணுதான் என்பது எல்லாருக்கும் தெரியும். மகள் அப்போது இரண்டாம் வருஷம். இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி. அவன் அன்றே பெட்டியைத் தட்டிப் பார்த்து, சக்கரம் ஓடுகிறதா என்று உருட்டிக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை பகல் புதுச்சாலைக்காக ஒரு சவுக்கு வரிசையை நண்டு அறுத்துக்கொண்டிருந்தது. வர்கீஸ் சாரும் வந்து நின்றிருந்தார். வரிசையின் கடைசியில் சொட்டுநீர்க் குழாய் ஒன்று மரத்தைச் சுற்றிக் கிடந்தது. ரம்பத்தில் சிக்கும் என்று நான் போய் அதை உருவினேன். யாரிடமும் சொல்லவில்லை. கயிற்றை மெஷின் வந்ததும் கைவிட்டிருந்தோம். கயிற்றைப் பற்றி இவ்வளவு பேசுகிற நான்தான் இதைச் செய்தேன். பல்விந்தர் ஒரு மரத்தை அறுத்து, அப்படியே பிடித்தபடி வண்டியைத் திருப்பினார். நிமிர்ந்தால் முப்பதடி மரத்தின் அடிப்பாகம் என் தலை உயரத்துக்கு வீசிக்கொண்டு வருகிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கத்தினேன். மூடிய கண்ணாடிக்குள், ஏ.சி. சத்தத்தில், ஹெட்போன் போட்டு உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்த்து, "பல்விந்தர்! ரோகோ!" என்று நிறுத்தச் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினேன். ஓடத் தோன்றவில்லை.

மரம் நின்றது. என் நெற்றிக்கும் அதற்கும் ஒரு கை தூரம். பிசின் வாசனை வந்தது.

கேபினுக்கு நேர் எதிரே, நாற்பது தப்படி தள்ளி, அய்யாக்கண்ணு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் பெருக்கல் குறிபோல் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். பல்விந்தரின் கண் எங்கே இருக்கிறதோ அங்கே போய் நின்றிருக்கிறான். காலையிலிருந்தே அப்படித்தான் நின்றிருக்கிறான், நாங்கள் கவனிக்கவில்லை. வண்டி திரும்பினால் இவனும் நகர்ந்து கண்ணுக்கு நேரே வருவான். தலையைத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் பார்த்துக்கொண்டே இருப்பான். காதை நம்பமுடியாதவன் வருஷக்கணக்காக அப்படித்தான் பிழைத்திருக்கிறான்.

பல்விந்தர் இறங்கி ஓடிவந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு வர்கீஸ் சாரிடம் போய், "சாப், யே ஆத்மி முஜே தே தோ" என்றார். இந்த ஆளை எனக்குக் கொடுங்கள்.

வர்கீஸ் சார் சிரித்துக்கொண்டே அய்யாக்கண்ணுவின் முதுகுக்குப் பின்னால் போய், "அய்யாக்கண்ணு, மிடுக்கன்!" என்று மெச்சிக் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். கையில் இருந்த ஃபைலைப் படாரென்று தட்டினார். அவன் பாட்டுக்கு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வர்கீஸ் சாரின் சிரிப்பு போய்விட்டது. செல்வராசு என் கையைப் பிடித்துக்கொண்டான், அவன் கை ஜில்லென்று இருந்தது. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

"குல் பாய், இவனுக்குச் செவி கேக்காதா?" என்றார்.

"நஹீ, சாப்."

"எத்தனை காலமா?"

"ஹமேஷா சே" என்றார் குல் பாய். எப்போதுமே. பிறகு தொப்பியைக் கழற்றாமல், மெதுவாக, கேபினைக் காட்டிச் சொன்னார். பல்விந்தருக்கும்தான் உள்ளே உட்கார்ந்தால் எதுவும் கேட்பதில்லை. என்னையும் காட்டினார், இப்போது சிகாமணி கத்தினானே, கேட்டதா? காது கேட்காத இந்த வண்டிக்குப் பக்கத்தில் காதை நம்பி வேலை செய்கிற ஆளை வைத்தால் இன்றைக்கு நடந்ததுதான் நடக்கும். கண்ணால் வேலை செய்யப் பழகினவன் நம்மிடம் ஒருவன்தான் இருக்கிறான்.

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். வர்கீஸ் சார் ஃபைலைத் திறந்தார், பேனாவைத் தட்டினார், மூடினார், மறுபடி திறந்தார். கடைசியில் நடந்து அய்யாக்கண்ணுவின் முகத்துக்கு நேரே வந்து நின்று, வாயை நன்றாக அசைத்து, "காதைப் பத்தி ஞான் கேக்கலை. மாசம் ஒருக்கா கண்ணு டெஸ்ட் பண்ணி பேப்பர் கொண்டு வரணும். மனசிலாயோ?" என்றார். லிஸ்டில் அவன் பேருக்கு நேரே சிக்னல்மேன் என்று எழுதினார். அதுவரை எங்கள் குழுவில் அப்படி ஒரு வேலையே கிடையாது.

நண்டு வந்ததால் யாருக்கும் நஷ்டமில்லை என்று எழுத ஆசைதான். வேறு இரண்டு குழுக்களில் ஆட்களைக் குறைத்தார்கள், அவர்கள் அழுதுகொண்டே பஸ் ஏறினதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் நால்வருக்கு அதிர்ஷ்டம் இருந்தது. செல்வராசுவைத் தண்ணி டேங்கருக்கு மாற்றினார்கள். நான் இரண்டு வருஷத்தில் நண்டு ஓட்டக் கற்றுக்கொண்டு, ஏ.சி.யில் உட்கார்ந்து, விரல்களைக் காப்பாற்றிக்கொண்டேன். குல் பாய் எல்லாவற்றுக்கும் ஃபோர்மேனாக இருந்து, தாடி முழுக்க வெளுத்த பிறகு மலையூருக்குத் திரும்பிப் போனார். நீலக் கயிற்றை மறுநாள் வியாழக்கிழமையே மறுபடி தரையில் போட்டுவிட்டோம். கேபினில் இருந்து பார்த்தால் நீலக் கோடு தெரியும், கோட்டில் எத்தனை தலை என்று எண்ணலாம். நான் ஓட்டின வருஷங்களில், கோட்டின் முனையில் அய்யாக்கண்ணு நின்று இரண்டு முறை இழுத்துக் காட்டாமல் ஒரு கொடுக்கையும் மூடியதில்லை. மகள் படிப்பை முடித்து, வேலைக்குப் போய், அப்பனை வரச்சொல்லி அழுத பிறகுதான் அவன் ஊருக்குப் போனான்.

ஆகவே தம்பிகளே, அந்தக் கயிறு மெஷின் வருவதற்கு முந்தியது. காது கேட்காத ஒருவனுக்காகப் போட்டது. ரிமோட் வைத்திருக்கிற ஆளுக்கும் ஹெட்போன் உண்டு, வீடியோவில் பார்த்தேன். பிடித்து நில்லுங்கள்.

அய்யாக்கண்ணுவிடம் ஃபோனில் பேசமுடியாது. வெள்ளிக்கிழமை தோறும் வீடியோவில் வருவான். போன வெள்ளிக்கிழமை, இந்தக் கட்டுரையை எழுதப்போகிறேன் என்று உதட்டை அசைத்துச் சொன்னேன். "என் காதைப் பத்தி எழுதாதண்ணே, பேத்தி படிப்பா" என்றான். எழுதாமல் எப்படி என்றேன். சிரித்தான். கொல்லைப்புறத்தில் நின்றிருந்தான், ஃபோனை ஒரு கல்மேல் சாய்த்து வைத்திருந்தான், கையில் ஆடு கட்டின கயிறு. எனக்கு என்ன தோன்றியதோ, பேச்சை நிறுத்திவிட்டு இடது கையைத் தூக்கினேன்.

அவன் சிரிப்பு நின்றது. இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான், அண்ணாந்து மேலே பார்த்தான், முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தான். ஆடு என்னவோ ஏதோ என்று கத்தியது, அது அவனுக்குக் கேட்கவில்லை. பிறகு என்னை நேராகப் பார்த்து, கயிற்றை இரண்டு முறை வெட்டி இழுத்தான்.